தம்போலாவும் பிங்கோவும் நம்ம ஊர் விசேஷங்களில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மறுவீடு, வளைகாப்பு, பள்ளி ஆண்டு விழா, குடியிருப்போர் சங்கப் பொங்கல், கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்து சேர்ந்த சொந்தக்காரக் கூட்டம் என்று திருநெல்வேலிப் பக்கம் பத்துப் பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் போதும், "தம்போலா போடுவமா?" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். ஆட்டத்தை நடத்தும் பொறுப்பு அடிக்கடி என் தலையில் விழுவதால், அட்டை செய்வது பற்றியும் கூட்டத்தைக் கலகலப்பாக வைத்திருப்பது பற்றியும் பலரும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டவையும் நான் சொல்லிவரும் பதில்களும் இங்கே.

பிங்கோ, தம்போலா, ஹவுஸி எல்லாம் ஒன்றுதானா?

ஒரே குடும்பம், வேறு வேறு வீடு. ஒருவர் எண்ணைக் குலுக்கி எடுத்துக் கூப்பிடுவார், தன் அட்டையில் அது இருப்பவர் அடித்துக்கொள்வார். மூன்றுக்கும் வேர் இத்தாலியில் 1530 வாக்கில் தொடங்கிய லாட்டோ என்ற குலுக்கல் ஆட்டம். அமெரிக்காவில் எட்வின் லோ என்ற பொம்மை வியாபாரி 1929இல் ஒரு திருவிழாச் சந்தையில் இதைப் பார்த்து, பிங்கோ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அந்த அமெரிக்க வகையில் 5க்கு 5 கட்டம், 1 முதல் 75 வரை எண்கள். நடுக்கட்டம் இலவசம்.

நம் ஊரில் தம்போலா, ஹவுஸி என்று சொல்வது 90 எண் வகை. பிரிட்டிஷ் தரைப்படையில் ஹவுஸி, கடற்படையில் தம்போலா என்று புழங்கிய ஆட்டம் அது. டிக்கெட்டில் 3 வரிசை, 9 பத்தி. வரிசைக்கு 5 எண் வீதம் மொத்தம் 15 எண். மீதி 12 கட்டமும் காலி. கிளப்புகளிலும் கல்யாண மண்டபங்களிலும் பெரும்பாலும் ஓடுவது இதுதான்.

பள்ளிக்கூடத்தில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆடுவோமே, அது எந்த வகை?

அது மூன்றாவது வகை. என் கணக்கில் அறிவுக்கு வேலை தருவது அது ஒன்றுதான். 5க்கு 5 கட்டம் போட்டு, 1 முதல் 25 வரை இஷ்டப்படி நிரப்பி, ஆளுக்கு ஒரு எண் மாற்றி மாற்றிச் சொல்லி அடித்துக்கொண்டே போவது. நேராக, நெடுக்காக, குறுக்காக என்று மொத்தம் 12 கோடு இருக்கிறது. முதலில் 5 கோடு முடிப்பவருக்கு வெற்றி.

இதில் கட்டத்துக்குக் கட்டம் மதிப்பு வேறு. நடுக்கட்டம் 4 கோட்டில் வரும். மூலைகளும் குறுக்குக் கோட்டில் உள்ள மற்ற கட்டங்களும் 3 கோட்டில். மீதியெல்லாம் 2 கோட்டில்தான். அதனால் உங்கள் முறை வரும்போது முதலில் நடுக்கட்டத்து எண்ணைச் சொல்லுங்கள். எதிராளி எந்த எண்ணைச் சொன்னபிறகு லேசாகச் சிரிக்கிறான் என்று பார்த்தாலே அவன் நடுவில் என்ன எழுதியிருக்கிறான் என்று தெரிந்துவிடும்.

ஒவ்வொரு தடவையும் பாதி ஆட்டத்தில் பாதிப் பேர் போனை எடுத்துவிடுகிறார்கள். ஏன்?

ஆட்டத்தில் ஆடுபவருக்குச் செய்ய வேலை எதுவும் இல்லை என்பதுதான் காரணம். திறமை கிடையாது, வியூகம் கிடையாது. நம்பரைக் கேட்டு அடிப்பது மட்டும்தான். அப்படிப்பட்ட ஆட்டத்தைத் தாங்கிப் பிடிக்க இரண்டே தூண்: கூப்பிடுகிறவரின் வாய், கட்டத்துக்குள் எழுதியிருக்கும் சரக்கு. பலரும் இந்த இரண்டையும் விட்டுவிட்டு அட்டையின் ஓரத்துக்குப் பூ டிசைன் தேடுகிறார்கள். வழவழ தாளில் கலர் பிரிண்ட் போட்ட அட்டையில் "கேக், பலூன், கிஃப்ட்" என்று இருந்தால் அது யார் வீட்டு விசேஷம் என்றே தெரியாது. கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் "சொதி தீர்ந்துபோச்சு என்ற செய்தி" (சொதி என்பது மறுவீட்டு விருந்தில் ஊற்றும் தேங்காய்ப்பால் குழம்பு) என்று ஒரு கட்டம் இருக்கட்டும், மண்டபமே அட்டையை நிமிர்த்திப் படிக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஃபுல் ஹவுஸுக்கு, அதாவது டிக்கெட்டில் உள்ள எல்லா எண்ணும் அடிபடுவதற்கு, மட்டும் பரிசு வைத்தால், தன் டிக்கெட்டில் ஒன்றும் விழவில்லை என்று தெரிந்தவர் அப்போதே எழுந்து காபி குடிக்கப் போய்விடுவார். முதல் ஐந்து, மேல் வரிசை, நடு வரிசை, கீழ் வரிசை, நாலு மூலை, ஃபுல் ஹவுஸ் என்று பிரித்து வைத்தால் கடைசிவரை ஆசை இருக்கும்.

நம்பர் கூப்பிடும்போது சுவையாக என்ன சொல்லலாம்? ஆங்கிலத்தில் "டூ ஃபேட் லேடீஸ், எயிட்டி எயிட்" என்பது போல?

அதை அப்படியே எடுத்து வந்து நம் அத்தைமார் நடுவில் சொல்லிப் பாருங்கள், அடுத்த விசேஷத்துக்கு உங்களுக்கு அழைப்பு வராது. நமக்கு எண்களுக்குப் பஞ்சமே இல்லை. 6 என்றால் அறுபடை வீடு, 8 எட்டுத்தொகை, 10 பத்துப்பாட்டு, 16 பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு, 27 நட்சத்திரம், 30 திருப்பாவை, 60 அறுபதாம் கல்யாணம், 63 நாயன்மார், 64 ஆயகலை. இதெல்லாம் எந்த ஊருக்கும் பொது.

ஆனால் கூட்டத்தை நிமிர்ந்து உட்காரவைப்பது உள்ளூர்ச் சரக்கு. 9 என்றால் தாமிரபரணிக் கரையில் உள்ள நவதிருப்பதி. 11க்கு, வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்ட மணியாச்சி ரயில் நிலையம், 1911. 43க்கு, ஆற்றின் இரு கரையையும் இணைத்த சுலோசன முதலியார் பாலம், 1843. 82க்கு எட்டயபுரத்தில் பாரதி பிறந்த 1882. 86க்கு, தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்துபோன 1986. 19க்கு, தென்காசியும் பிரிந்துபோன 2019. 90க்கு, திருநெல்வேலி மாவட்டமாக உருவான 1790. எல்லாவற்றிலும் ராஜா 72தான். ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்தது 1872 என்பது ஒரு பக்கம், நம்ம வண்டி நம்பர் பிளேட்டு மறுபக்கம். "டிஎன்..." என்று இழுத்தால் போதும், மீதியைக் கூட்டமே சொல்லிவிடும். 74 நாகர்கோவில் வண்டி, 76 தென்காசி வண்டி, 69 தூத்துக்குடி வண்டி. அந்தந்த ஊர்க்காரர்கள் கத்துவதைக் கேட்க வேண்டுமே.

குரல் நன்றாக இருக்கிறவர் என்றால் வில்லுப்பாட்டு பாணியில் கூப்பிடலாம். பக்கத்தில் இரண்டு பேர் "ஆமா" போட இருக்க வேண்டும். "நெல்லையப்பர் கோயிலிலே..." "ஆமா!" "தேரு ஓடும் மாசத்திலே..." "ஆமா!" "சித்திரை முதலா எண்ணி வந்தா..." "ஆமா!" என்று நிறுத்திவிட வேண்டும். ஆனி மூன்றாவது மாதம் என்று கண்டுபிடித்து யாராவது "மூணு!" என்று கத்துவார்கள். அப்புறம்தான் நம்பரை அறிவிக்க வேண்டும். எல்லா எண்ணுக்கும் இப்படிச் செய்தால் சாப்பாடு ஆறிவிடும். ஐந்தாறு எண்ணுக்கு ஒரு தடவை போதும்.

மைக்கில் சொல்வது பலருக்குச் சரியாகக் கேட்பதில்லை. தகராறு வருகிறது.

எழுபதும் எண்பதும் மண்டபத்து மைக்கில் ஒன்றுபோலத்தான் கேட்கும். முழு எண்ணைச் சொல்லிவிட்டு இலக்கத்தையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்: "எழுபத்தி நாலு. ஏழு, நாலு." கூடவே ஒருவர் சார்ட் அட்டையில் கூப்பிட்ட எண்ணையெல்லாம் பெரிதாக எழுதி மாட்டிக்கொண்டே வரட்டும். பாதித் தகராறு அங்கேயே அடங்கிவிடும்.

எண் வேண்டாம், எங்கள் வீட்டு விசேஷத்துக்கென்றே அட்டை வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

சொல் பட்டியலில் இருந்து. கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு, அந்த வீட்டில் அதிகம் பேசுகிற ஒரு பெரியம்மாவின் பக்கத்தில் அரைமணி நேரம் உட்காருங்கள். பட்டியல் தானாக வந்துவிடும்.

மறுவீட்டை எடுத்துக்கொள்வோம். சொதிச் சாப்பாடு என்று வைத்தால் கட்டங்கள் இப்படி இருக்கலாம்: இலையில் இஞ்சிப் பச்சடியை முதலில் தொட்டவர். "சொதிக்கு இன்னும் கொஞ்சம் சாதம்" என்று கேட்டவர். உருளைக்கிழங்கு சிப்ஸை மடியில் கட்டிய குழந்தை. மாப்பிள்ளைக்கு மச்சினன் வைத்த பட்டப்பெயர். போட்டோகிராபர் "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று சொன்னது. பட்டுவேட்டியை ஒரு கையில் பிடித்தபடியே நடக்கும் மாப்பிள்ளை. "இந்தப் புள்ளைய சின்ன வயசுல பார்த்தது" என்ற பேச்சு. செருப்பைத் தேடுகிறவர். வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்த தாத்தாமார். "ஜங்ஷனுக்கு யாரு வண்டி போகுது?" என்ற குரல்.

கண்ணால் பார்க்க முடிந்ததாகவோ காதால் கேட்க முடிந்ததாகவோ எழுதுங்கள். "மகிழ்ச்சி", "பாசம்" என்று எழுதினால் எப்போது அடிப்பது?

ஒரு எச்சரிக்கை. உடம்பு, நிறம், குழந்தை இல்லாதது, வேலை இல்லாதது, கல்யாணம் தள்ளிப்போவது இவையெல்லாம் கட்டத்துக்குள் வரவே கூடாது. "எப்போ கல்யாணம்?" என்ற கேள்வியைக் கட்டத்தில் போட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அதைக் கேட்கவேண்டும் என்பதற்காகவே நாலு பேர் அந்தப் பெண்ணிடம் போய் நிற்பார்கள். அவளுக்கு அது விளையாட்டு இல்லை.

பட்டியலில் எத்தனை சொல் இருக்க வேண்டும்?

அட்டையில் உள்ள கட்டங்களைவிட இரண்டு மடங்குக்குக் குறையாமல். இங்கேதான் நிறைய அட்டைகள் படுத்துவிடுகின்றன. 9 கட்டத்துக்கு 9 சொல் மட்டும் எழுதி இடம் மாற்றி மாற்றி அச்சடித்தால், ஃபுல் ஹவுஸ் வரும்போது அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்பார்கள்.

3க்கு 3 கட்டம் என்றால் 20 சொல் எடுங்கள். 20இல் 9ஐத் தேர்ந்தெடுக்க 1,67,960 வழி இருக்கிறது, இடம் மாற்றுவதைக் கணக்கில் சேர்க்காமலே. எந்தக் கல்யாணக் கூட்டத்துக்கும் இது தாராளம். 20 சொல்லில் 30 பேர் ஆடினால் பெரும்பாலும் 15, 16ஆவது சொல்லுக்குள் யாராவது ஃபுல் ஹவுஸ் சொல்லிவிடுவார்கள். ஆட்டம் நீள வேண்டுமென்றால் சொல்லைக் கூட்டுங்கள், சட்டென்று முடிய வேண்டுமென்றால் குறையுங்கள். 4க்கு 4 என்றால் 32 சொல், 5க்கு 5 என்றால் 50 சொல் என்று வைத்துக்கொள்ளலாம். 50 சொல் எழுதி முடிப்பதற்குள் பெரியம்மாவே களைத்துவிடுவார். வீட்டு விசேஷத்துக்கு 3க்கு 3 அல்லது 4க்கு 4 போதும் என்பதே என் கட்சி.

கம்ப்யூட்டரில் ஒவ்வொரு அட்டையையும் வேறு வேறாகக் கலைப்பது எப்படி?

இதற்கென்று இணையத்தில் இலவசத் தளங்கள் நிறைய உண்டு. சொல்லை ஒட்டினால் அட்டை வந்துவிடும். ஆனால் சிலவற்றில் தமிழ் உடைந்து வரும், சிலவற்றில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் காசு கேட்பார்கள். கணக்குத்தாள் மென்பொருள் ஒன்று இருந்தால் நீங்களே செய்யலாம். கூகுள் ஷீட்ஸில் சொற்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அவற்றைத் தேர்வு செய்து, டேட்டா மெனுவில் ரேண்டமைஸ் ரேஞ்ச் என்பதை அழுத்தினால் வரிசை கலைந்துவிடும். மேலே வந்த 9ஐ எடுத்து ஒரு அட்டை. மறுபடி அழுத்தி அடுத்த 9.

எக்ஸெல், லிப்ரே ஆபிஸ் என்றால் பக்கத்துப் பத்தியில் ரேண்ட் சூத்திரத்தை, அதாவது =RAND() என்று, போட்டுக் கீழே வரை இழுத்து, அந்தப் பத்தியை வைத்து வரிசைப்படுத்துங்கள். ரேண்ட் எண்கள் தாளில் எதைத் தொட்டாலும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் சூத்திரத்தில் இருந்து நேரடியாக அட்டையை இணைத்திருந்தால், அச்சடித்த பிறகு திரையில் உள்ள அட்டை வேறாக இருக்கும். கலைந்து வந்ததை மதிப்பாக மட்டும் ஒட்டி நிறுத்திக்கொள்வது நல்லது.

3க்கு 3 அட்டை ஒரு ஏ4 தாளில் நாலு வசதியாகப் பிடிக்கும். 30 பேருக்கு 8 தாள் போதும்.

ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் தமிழ் எழுத்தெல்லாம் கொம்பு வேறு கால் வேறாக வருகிறதே?

கடைக்காரர் கம்ப்யூட்டரில் நீங்கள் பயன்படுத்திய எழுத்துரு இருக்காது, அல்லது பழைய டிசைன் மென்பொருளுக்கு யூனிகோட் தமிழ் பிடிபடாது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பாக இருந்தால் வெறும் ஆங்கில எழுத்தாகவே கொட்டும். வீட்டிலேயே பிடிஎஃப் ஆக மாற்றி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அனுப்பும்போது படமாக இல்லாமல் டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி மங்கலாக்கிவிடும்.

அச்சடிக்க நேரமே இல்லை. சாயங்காலம் ஆட்டம்.

அப்போ அச்சே வேண்டாம். 20 சொல்லையும் ஒரு சார்ட் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, அவரவரே 3க்கு 3 கட்டம் போட்டு, பிடித்த 9 சொல்லை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். எதை எழுதுவது, எதை விடுவது என்று யோசிப்பதே ஒரு விளையாட்டு ஆகிவிடும். நான் நடத்தியதில் அச்சடித்த அட்டையைவிட இதற்குத்தான் சத்தம் அதிகம். ஒரே விதி: பென்சில் கூடாது, பேனாதான். ஏன் என்று கேட்பவர் வீட்டில் தம்பி தங்கை இருந்திருக்க மாட்டார்கள்.

90 எண் தம்போலா டிக்கெட்டை நாமே செய்ய முடியுமா?

செய்யலாம், ஆனால் கடையில் கிடைக்கும் டிக்கெட் புத்தகம் வாங்குவதே மேல். முதல் பத்தியில் 1 முதல் 9, அடுத்ததில் 10 முதல் 19, இப்படியே போய்க் கடைசிப் பத்தியில் 80 முதல் 90. எந்தப் பத்தியும் காலியாக இருக்கக்கூடாது, வரிசைக்குச் சரியாக 5 எண் இருக்க வேண்டும், பத்திக்குள் எண்கள் மேலிருந்து கீழே ஏறுவரிசையில் வர வேண்டும். முறையாக அடித்த புத்தகத்தில் 6 டிக்கெட் சேர்ந்து ஒரு தொகுப்பாக இருக்கும். அந்த ஆறில் 1 முதல் 90 வரை எல்லா எண்ணும் ஒவ்வொரு தடவை வந்துவிடும். கையால் இதைச் சரிக்கட்ட உட்கார்ந்தால் தலை சுற்றும்.

புத்தக டிக்கெட்டையே நம்முடையதாக்க ஒரு வழி: பின்பக்கத்தில் மாப்பிள்ளை, பெண் பற்றிய ஒரு கேள்வியைக் கையால் எழுதி வையுங்கள். பரிசு கேட்டு வருகிறவர் முதலில் அதற்குப் பதில் சொல்லட்டும்.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், பெண் வீட்டார் ஒரு பக்கம் என்று பேசாமலே உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்கு ஏதாவது உண்டா?

ஆள் தேடும் பிங்கோ. கட்டத்துக்குள் சொல்லுக்குப் பதிலாக ஒரு விவரம் இருக்கும்: "தாமிரபரணியில் நீச்சல் கற்றவர்", "மாஞ்சோலைக்குப் போய்வந்தவர்", "கூந்தன்குளத்தில் பறவை பார்த்தவர்", "நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவர்", "வீட்டில் இன்னும் பத்தமடைப் பாயில் படுப்பவர்", "திருநெல்வேலி ஈரடுக்குப் பாலம் கட்டுவதை நேரில் பார்த்தவர்", "கல்லிடைக்குறிச்சியில் சித்தி வீடு உள்ளவர்". எழுந்துபோய் அப்படிப்பட்டவரைக் கண்டுபிடித்து, அந்தக் கட்டத்தில் கையெழுத்து வாங்க வேண்டும்.

இரண்டு விதி கட்டாயம். ஒருவரிடம் ஒரு கையெழுத்துதான். பாதிக் கையெழுத்தாவது எதிர்வீட்டாரிடம் வாங்கியிருக்க வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டால் எல்லோரும் தன் பக்கத்துச் சித்தப்பாவிடமே போய் முடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ஈரடுக்குப் பாலத்துக்காரர் அநேகமாக மூலையில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு தாத்தாவாகத்தான் இருப்பார். அவரைச் சுற்றி முதல் தடவையாக ஒரு கூட்டம் சேரும். கையெழுத்தோடு கதையும் கிடைக்கும், அதனால் ஆட்டத்துக்கு அரைமணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

நம் ஊர்ப் பேச்சை வைத்து அட்டை செய்யலாமா?

கொடைக்கு ஊர் வந்திருக்கும் சென்னை, பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஆட்டம் இல்லை. ஏலே, ஏட்டி, அண்ணாச்சி, மக்கா, பைய, கோட்டி (கிறுக்கு), சோலி, பொறவு, அங்கன, இங்கன, எய்யா, என்னவே என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு திரிய வேண்டும். சொல் காதில் விழுந்தால் அடிக்கலாம், யார் சொன்னார்கள் என்றும் எழுத வேண்டும். ஆடுபவரே சொல்லிக்கொண்டு அடித்தால் செல்லாது, கேள்வி கேட்டு வாயைப் பிடுங்கலாம். இந்த ஆட்டத்தின் அழகே அதுதான். "கோட்டி"யை வரவழைக்க ஒரு பையன் ஆச்சியிடம் போய் உளறிக்கொண்டு நிற்பான்.

ரயிலிலோ காரிலோ போகும்போது பிள்ளைகளைச் சமாளிக்க?

ஜன்னல் பிங்கோ. திருநெல்வேலியில் இருந்து தென்காசி போகும் ரயில் இதற்கென்றே போட்ட பாதை மாதிரி. வாழைத்தோட்டம், பனைமரம், மயில், ஆட்டுமந்தை, தாமரைக் குளம், செங்கல் சூளை, நாற்று நடுகிறவர்கள், ரயிலுக்குக் கை காட்டும் சிறுவன், கொக்கு உட்கார்ந்த எருமை என்று எழுதலாம். கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே ஆற்றைத் தாண்டுவது ஒரு நிச்சயக் கட்டம். அம்பையைத் தாண்டினால் மலை இடப்பக்கம் கூடவே வரும். அதனால் இடப்பக்கம் உட்கார்ந்தவருக்கு ஒரு அட்டை, வலப்பக்கத்தவருக்கு வேறு அட்டை. ஒரே அட்டையைக் கொடுத்தால் ஜன்னல் மாற்றச் சொல்லி அடிதடி நடக்கும்.

நாகர்கோவில் சாலை என்றால் காற்றாலை வேண்டாம். பணகுடி தாண்டினால் எங்கு பார்த்தாலும் அதுதான். "நின்றுபோன காற்றாலை" என்று எழுதினால் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும்.

சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் இருக்கிறார்கள்.

எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகளுக்குப் படம். பழைய காலண்டர், நோட்டீஸ், பேப்பர் விளம்பரம் இவற்றில் வெட்டி ஒட்டினாலே போதும். பெரியவர்களுக்கு 3க்கு 3 கட்டம், கொட்டை எழுத்து, பக்கத்தில் கண்ணாடி போட்ட பேரப்பிள்ளை ஒன்று.

பேனாவால் அடிப்பதற்குப் பதில் மேலே காய் வைத்தால் அட்டையை மறுபடி பயன்படுத்தலாம். புளியங்கொட்டை எல்லா வீட்டிலும் இருக்கும், சோழியும் நல்லது. குன்றிமணி வேண்டவே வேண்டாம். பார்க்க அழகு, ஆனால் விதை கடும் விஷம், குழந்தை கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

வகுப்பில் பாடத்துக்குப் பயன்படுத்தலாமா?

கூப்பிடுவதும் கட்டத்தில் இருப்பதும் ஒன்றாக இருக்கக்கூடாது. அவ்வளவுதான் சூத்திரம். ஆசிரியர் "ஏழெட்டு" என்றால் பிள்ளை 56ஐத் தேட வேண்டும். குறளின் முதல் அடியைச் சொன்னால் அடுத்த அடியின் கடைசிச் சொல்லைத் தேட வேண்டும். அணையின் பெயரைச் சொன்னால் ஆற்றைத் தேட வேண்டும். ஜெயித்தவர் தன் கட்டங்களை ஒவ்வொன்றாக விளக்கினால்தான் பரிசு என்று வைத்தால், பாடம் இன்னொரு தடவை ஓடிவிடும்.

வரிசை, மூலை தவிர வேறு வடிவம் வைக்கலாமா?

5க்கு 5 கட்டத்தில் தமிழ் எழுத்து வையுங்கள். "ட" என்றால் இடது ஓரமும் அடிவரிசையும், மொத்தம் 9 கட்டம். "ப" என்றால் இடது ஓரம், அடிவரிசை, வலது ஓரம், மொத்தம் 13 கட்டம். முதல் சுற்று ட, அடுத்தது ப. மாப்பிள்ளை பெண்ணின் முதல் எழுத்தையே வடிவமாக வைக்கச் சொல்லி ஒருவர் கேட்டார், பெண்ணின் பெயர் "ஜ"வில் தொடங்கியது. அதற்குக் கட்டம் போதாது.

பரிசு என்ன வைக்கலாம்?

ஒரு பெரிய பரிசைவிடப் பத்துச் சின்னப் பரிசு நல்லது. கால்கிலோ அல்வா, கல்லிடைக்குறிச்சி அப்பளக்கட்டு, கோவில்பட்டிக் கடலைமிட்டாய், உடன்குடிக் கருப்பட்டி என்று வைத்தால் ஜெயித்தவர் அங்கேயே பிரித்து எல்லோருக்கும் நீட்டுவார். ஃபுல் ஹவுஸுக்குப் பத்தமடைப் பாய் வைக்கலாம். காசுக்குத் தகுந்த ரகத்தில் கிடைக்கும். பிளாஸ்டிக் டப்பா வைக்காதீர்கள், எல்லா வீட்டிலும் அடுக்கி வைக்க இடமில்லாமல் கிடக்கிறது.

டிக்கெட்டுக்குக் காசு வாங்கிப் பரிசாகப் பிரித்துக் கொடுக்கலாமா?

வேண்டாம். பணம் கட்டி, அதிர்ஷ்டத்தில் பணம் ஜெயிப்பது சூதாட்டக் கணக்கில் வரும். தமிழ்நாட்டில் 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் இருக்கிறது, லாட்டரிக்கு 2003இல் இருந்து தடை, இணையச் சூதாட்டத்துக்கு எதிராக 2022இல் மாநிலச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராக 2025இல் மத்தியச் சட்டம். வீட்டுக்காரரே பரிசு வாங்கி வைத்து, டிக்கெட்டை இலவசமாகக் கொடுத்துவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் காசு அனுப்பச் சொல்லி நடக்கும் தம்போலாக்களில் தலையைக் கொடுக்காதீர்கள்.

ஒரே நம்பரில் இரண்டு பேர் ஜெயித்தால்? தவறாகக் கத்திவிட்டால்?

ஆட்டம் தொடங்கும் முன்பே மைக்கில் சொல்லிவிட வேண்டியவை இவை. கடைசியாகக் கூப்பிட்ட நம்பரில் முடிந்திருந்தால்தான் செல்லும். அடுத்த நம்பர் வாயில் இருந்து வந்துவிட்டால் போச்சு. இரண்டு பேர் ஒரே நம்பரில் எழுந்தால் பரிசைப் பிரிக்கலாம், பிரிக்க முடியாத பரிசென்றால் சீட்டுக் குலுக்கிப் போடலாம். தவறாகக் கத்தினால் அது போகி, அந்த டிக்கெட் அத்துடன் அவுட். குழந்தை என்றால் ஒரு தடவை மன்னிக்கலாம். பெரிய மாமா என்றாலும் ஒரு தடவை மன்னிக்கத்தான் வேண்டியிருக்கும்.

மொத்தம் எவ்வளவு நேரம் பிடிக்கும்?

ஒரே ஒரு டிக்கெட்டை வைத்துக் கணக்குப் போட்டால் 15 எண்ணும் முடிய சராசரியாக 85ஆவது எண் வரை போகும். ஆனால் 50 டிக்கெட் ஓடினால் 70ஐ ஒட்டி யாராவது ஃபுல் ஹவுஸ் சொல்லிவிடுவார்கள். நம்பருக்குக் கால் நிமிடம் என்று வைத்தாலும் 20 நிமிடத்துக்குள் ஒரு ஆட்டம் முடியும். பந்தி போடுவதற்குச் சற்று முன்னால் தொடங்குங்கள். இலை போட்டாச்சு என்று குரல் வந்தபிறகு ஃபுல் ஹவுஸுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள்.